கரிசல் மண் டி.என்.ஏ.: பிசிஆர் (டி.என்.ஏ.வைப் பெருக்கும் வினை) எடுக்கவே மாட்டேன் என்கிறது, யோசனை சொல்லுங்கள்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணின் பாக்டீரியாக்களை, எது எந்த வகை என்று பிரித்துக் காட்டும் 16எஸ் ஜீனின் வி4 பகுதியை வைத்துப் பார்க்கிறோம். பிரைமர் (அந்தப் பகுதியின் இரு முனையிலும் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) 515எஃப், 806ஆர். சீக்வென்சிங்குக்கு (டி.என்.ஏ. எழுத்து வரிசையைப் படிக்க) அனுப்பும் முன்பே முட்டி நிற்கிறது.

மேல் 15 செ.மீ. மண், 2 மி.மீ. சல்லடை (ஈரமாக இருந்தால் கட்டிகட்டியாய் மேலேயே நின்றுவிடும், லேசாக உலர்த்தித்தான் சலிக்க முடிகிறது), 0.25 கிராம், சிறு மணிகள் போட்டுக் குலுக்கிச் செல்லை உடைக்கும் வகை டி.என்.ஏ. கிட். கடைசியில் வரும் கரைசல் இளம்பழுப்பு. 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் (புரதக் கலப்பைக் காட்டும்) 1.8, பார்க்க அழகு. 260/230 (ஹியூமிக் போன்ற கலப்பைக் காட்டும்) மட்டும் 0.5க்கும் கீழே. ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் நானோடிராப் காட்டும் அளவில் கால்வாசிகூட, டி.என்.ஏ.வில் ஒட்டும் சாயத்தை வைத்து அளக்கும் கியூபிட்டில் இல்லை. ஹியூமிக் அமிலமும் (மண்ணின் மக்கிய பொருளில் இருக்கும் பழுப்பு அமிலம்) 260இல் ஒளியை உறிஞ்சுவதால் நானோடிராப்பை நம்ப முடியாது.

பிசிஆரில் அப்படியே போட்டால் பேண்ட் (ஜெல்லில் தெரியும் டி.என்.ஏ. கோடு) இல்லை, 10 மடங்கு நீர்த்தால் மங்கலாக வருகிறது, 50 மடங்கில் மறுபடி இல்லை. ஈ.கோலை டி.என்.ஏ.வைக் கலந்து ஓட்டினாலும் வரவில்லை. ஆக, பிசிஆரைத் தடுக்கும் தடுப்பான் இருக்கிறது, டி.என்.ஏ.வும் குறைவு, மான்ட்மோரில்லோனைட் களிமண் பிடித்து வைத்துக்கொள்கிறது.

கேட்க வேண்டியவை:

களிமண் டி.என்.ஏ.வைப் பிடிக்காமலிருக்க, கொழுப்பு நீக்கிய பால் பவுடரை லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசல்) சேர்த்தவர்கள், 0.25 கிராம் மண்ணுக்கு எத்தனை மி.கி. போட்டீர்கள்? பவுடரிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. இருக்குமே, மண் இல்லாத பிளாங்கில் என்ன வந்தது?

பாஸ்பேட் பஃபரில் முன்கூட்டியே கழுவினால் ஹியூமிக் குறையுமா, செல்லுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வும் சேர்ந்து போய்விடுமா?

பிஎஸ்ஏ (தடுப்பானைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) 0.4 மைக்ரோகிராம்/மைக்ரோலிட்டர் ஏற்கெனவே சேர்க்கிறோம். 35 சைக்கிளுக்கு மேல் ஏற்றினால் பிளாங்கிலும் பேண்ட் வருகிறது, அந்த வழி வேண்டாம். மண்ணை 0.5 கிராமாகக் கூட்டுவதும் உதவாது, ஹியூமிக்கும் கூடவே இரட்டிக்கும்.