ரன்னிமேட்டில் தண்ணீருக்கு நிற்கும் நேரம்: மலை ரயிலின் மூடப்பட்ட நிலையங்கள், அனுபவப் பகிர்வு

குன்னூர் உறுப்பினர்:

மேட்டுப்பாளையத்திற்கும் உதகைக்கும் இடையே, மலை ரயில் நில்லாமல் கடந்துபோகும் அல்லது இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க மட்டும் நிற்கும் பழைய நிலையங்களைப் பற்றி அனுபவமுள்ளவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அவற்றுள் ஒன்றான ரன்னிமேட்டில் சிறுவயதில் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். என் அப்பா அங்கே தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக வேலை பார்த்தார். நிலையத்திற்குச் சற்று மேலே இருந்த ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு இருந்தது.

அந்தப் பெயரைக் கேட்பவர்கள் ஏதோ ஒரு மேட்டைக் குறிப்பதாகவே நினைப்பார்கள். உண்மையில் அது இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஒரு புல்வெளியின் பெயர்; 1215-இல் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டா சாசனத்திற்கு முத்திரையிட்ட இடம். ஆற்றோரத் தாழ்நிலத்தின் பெயர் 1405 மீட்டர் உயரத்தில் உள்ள மலைச்சரிவுக்கு வந்து, நம் மக்களின் வாயில் 'மேடு' என்று மாறிவிட்டது. பொருள் தலைகீழானாலும் இடத்திற்குப் பொருந்திப்போனதில் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி உண்டு.

இந்தப் பாதையின் வேலை 1891-இல் தொடங்கியது. தொடங்கிய நிறுவனம் மூன்றே ஆண்டுகளில் பணமின்றி முடங்கியதால், வேறொரு நிறுவனம் பொறுப்பேற்று 1899 ஜூன் மாதம் குன்னூர் வரை ரயிலைக் கொண்டுவந்தது. மலையேற்றம் தொடங்கும் கல்லாறு 405 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூரோ 1711 மீட்டர். ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குள் 1300 மீட்டர் ஏற வேண்டியிருப்பதால், சில இடங்களில் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி உயரும் அளவுக்குப் பாதை செங்குத்தாகிறது. வெறும் சக்கரம் அங்கே வழுக்கும் என்பதால், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டைப் பதித்து, இன்ஜினின் பற்சக்கரம் அவற்றைப் பற்றி ஏறுமாறு செய்தார்கள். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றொன்றின் பள்ளம் வருமாறு பதித்திருப்பதால், ஏதாவது ஒரு பல்லில் பிடி எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். இன்ஜின் பெட்டிகளை முன்னின்று இழுப்பதில்லை. கீழ்ப்பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே ஏறும்.

இப்படி ஏறும் நீராவி இன்ஜின் தண்ணீரை எவ்வளவு வேகமாகக் குடிக்கும் என்பது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி ரோடு என்று சில கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையங்கள் அமைந்திருந்த அந்தச் சரிவில் ஊர் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. தோட்டமும் காடும் ஓடையும்தான். அங்கே ரயிலின் முதல் தேவை தண்ணீர். ஆகவே, பயணச்சீட்டு கொடுப்பது நின்றுவிட்டதை வைத்து இவற்றைக் 'கைவிடப்பட்ட நிலையங்கள்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பயணிகளைப் பொறுத்தவரை மூடிவிட்டார்கள். இன்ஜினைப் பொறுத்தவரை ரன்னிமேடு மூடப்படவே இல்லை.

மேட்டுப்பாளையம் உறுப்பினர்:

ஐயா எழுதியதைப் படித்ததும் என் மாமனாரின் நினைவு வந்தது. அவர் பிரேக்ஸ்மேனாக இருந்தவர். இந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒருவர் நின்று, இன்ஜினின் விசில் சத்தத்தைக் கேட்டு பிரேக் போடுவார் என்பதைப் பயணிகளில் பலர் கவனிப்பதில்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பலாப்பழக் காலத்தில் பர்லியாறு பக்கம் யானைகள் ஏறிவரும் என்பது எங்களுக்குப் பழகிய செய்தி. ஒருமுறை நானும் என் மகளும் குன்னூருக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அடர்லியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ரயில் நின்றுவிட்டது. முன் மேடையில் இருந்த பிரேக்ஸ்மேன் கொடியை நீட்டியபடி அசையாமல் நின்றார். இரண்டு பெரிய யானைகளும் ஒரு குட்டியும் தண்டவாளத்தின் மேல் நின்றிருந்தன. குட்டிக்கு அந்தப் பல் பட்டையைக் கால் தூக்கிக் கடக்கத் தெரியவில்லை. தாய் துதிக்கையால் அதன் பின்புறத்தைத் தள்ளித் தள்ளிக் கடத்தியது. விசிலும் அடிக்காமல், யாரும் கூச்சலிடாமல், அவை பள்ளத்தில் இறங்கி மறையும்வரை முழு ரயிலும் காத்திருந்தது. 2022-இல் ஹில்குரோவ் அருகே ரயில் பாதையோரம் எழுப்பிய சுவர் யானைகளின் வழியை மறித்ததாக எதிர்ப்பு எழுந்து, அது அகற்றப்பட்ட செய்தியைப் படித்தபோது அந்தக் குட்டிதான் என் நினைவுக்கு வந்தது. ஆள் நடமாட்டம் குறைந்த நிலையங்களை அவை தங்கள் இடமாக எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை.

கேத்தி உறுப்பினர்:

பல் தண்டவாளம் குன்னூரோடு முடிந்துவிடுவதால், மேலேயுள்ள ஒரு நிலையத்தைப் பலரும் மறந்துவிடுகிறோம். 1908 செப்டம்பர் 15 அன்று குன்னூரிலிருந்து பாதை ஃபெர்ன்ஹில் வரை நீண்டது; அக்டோபர் 15 அன்றுதான் உதகையை எட்டியது. இடைப்பட்ட ஒரு மாதத்திற்கு இந்தப் பாதையின் கடைசி நிலையமாக இருந்தது ஃபெர்ன்ஹில். இன்று டீசல் இன்ஜின் அதை நில்லாமல் கடக்கிறது. உதகைக்கு வேலைக்குப் போகும் நாள்களில் ஜன்னலோரம் அமர்ந்து அதைப் பார்க்காமல் நான் போனதில்லை. குன்னூர் ஐயா தம் அப்பாவைப் பற்றி இன்னும் எழுத வேண்டும்.

குன்னூர் உறுப்பினர்:

கேட்டதற்கு நன்றி. அப்பாவின் வேலை பெரும்பாலும் தண்ணீரோடுதான். இன்ஜினுக்கு எவ்வளவு தேவையோ, பாதைக்கு அவ்வளவு பகை அது. இந்தக் கிழக்குச் சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கொடுமையானது; 1993 நவம்பரில் மரப்பாலம் பக்கம் மலை சரிந்து சாலையையும் ரயில் பாதையையும் சிதைத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மழை இரவுகளில் அப்பாவும் இன்னொருவரும் கைவிளக்கு, கொடி, தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கைப் பட்டாசு ஆகியவற்றோடு பாதையைப் பார்க்கப் போவார்கள். திரும்பி வந்து ஈரக் கோணியை வாசலில் உதறும் சத்தம் கேட்கும்வரை அம்மா அடுப்பை அணைக்கமாட்டார். பாறை உருளுவதைவிட, பாதைக்கு அடியில் ஓடை நீர் போகும் மதகின் வாயைச் சருகு அடைப்பதுதான் ஆபத்து என்று அப்பா சொல்வார். சருகு அடைத்தால் ஓடை வழி மாறும். வழி மாறிய ஓடை தண்டவாளத்தின் அடிமண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, கண் பார்வை மங்கிய பிறகு, மலை ரயிலில் ஒருமுறை போக வேண்டும் என்று கேட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து அழைத்து வந்தேன். ரன்னிமேட்டில் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றதும், மற்றவர்கள் படம் எடுக்க இறங்கினார்கள். எங்கள் வீடு இருந்த இடத்தில் உண்ணிச்செடி மண்டியிருந்தது. அடிக்கல் வரிசை மட்டும் தெரிந்தது. அதைக் காட்டலாம் என்று கையைப் பிடித்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஓடைச் சத்தம் வந்த திசையில் காது கொடுத்து நின்றவர், "தண்ணி சுத்தி வருதுடா" என்றார். பிறகு மெல்ல நடந்து, பாதைக்கு அடியில் போகும் மதகின் வாயருகே உட்கார்ந்து, குடைக்கம்பை உள்ளே விட்டு, மட்கிய சருகையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் இழுத்து வெளியே போட்டார். தேங்கியிருந்த நீர் சட்டென்று இறங்கியது. அதற்குள் இன்ஜின் கூவிவிட்டது. பிரேக்ஸ்மேன் இறங்கி வந்து, எதுவும் கேட்காமல், அவருடைய மற்றொரு கையைப் பிடித்துப் பெட்டியில் ஏற்றிவிட்டார்.