அப்பா ராஜா பக்கம், மகன் பார்லிமென்ட் பக்கம்: வெர்னி குடும்பத்துச் சொத்து எப்படித் தப்பியது?

புதுவாசகன்:
இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கிங்ஹாம்ஷயரில் கிளேடன் பண்ணையின் சொந்தக்காரர் சர் எட்மண்ட் வெர்னி, முதலாம் சார்லஸின் கொடியைத் தாங்கி 1642 அக்டோபரில் எட்ஜ்ஹில் போரில் இறந்துபோனார். அவருடைய மூத்த மகன் ரால்ஃப் அப்போது பார்லிமென்ட் உறுப்பினர், அதுவும் ராஜாவுக்கு எதிர்ப் பக்கம். ஒரே குடும்பத்தில் இது எப்படி? அப்புறம் அந்தச் சொத்து எப்படி மிஞ்சியது?

ஏட்டுச்சுவடி:
அப்பாவுக்கே ராஜா செய்தது சரி என்று தோன்றவில்லை, விட்டுக்கொடுத்திருக்கலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் முப்பது வருஷம் அவர் சோற்றைத் தின்றுவிட்டு இப்போது கைவிட்டுப் போவது ஈனத்தனம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் செஞ்சோற்றுக் கடன் என்போமே, அதேதான். மகனும் பிடிவாதத்தில் அப்பாவுக்குக் குறைந்தவர் இல்லை. 1643இல் ஸ்காட்லாந்துக்காரர்களோடு செய்த மத உடன்படிக்கையில் எல்லா உறுப்பினரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றபோது, மனசாட்சி ஒப்பவில்லை என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு பிரான்சுக்குப் போய்விட்டார். 1645இல் பார்லிமென்ட் அவரை நீக்கியது, அடுத்து நிலத்தையும் முடக்கியது. ஊரிலோ கல்யாணமாகாத தங்கைகள் ஐந்து பேர்.

கடிதப்பிரியை:
சொத்தைக் காப்பாற்றியது மேரி, ரால்ஃபின் மனைவி. தாய் தகப்பன் இல்லாத பெண், 13 வயதில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு 15. ரால்ஃப் ஊர் திரும்பினால் ஆபத்து. அவருடைய தாய்மாமா, டாக்டர் வில்லியம் டென்டன், நிலத்தை முடக்கிய பார்லிமென்ட் கமிட்டிகளிடம் ஆண் போவதைவிடப் பெண் போனால்தான் காரியம் நடக்கும் என்று எழுதினார். 1646 கடைசியில் மேரி கர்ப்பிணியாகக் கடல் கடந்து தனியாக லண்டன் வந்தார். மனு, சிபாரிசு, காத்திருப்பு என்று ஒரு வருஷத்துக்கும் மேல் அலைந்தார். நடுவில் கிளேடனுக்குப் போய்ப் பார்த்தால், சுவருக்குள் வைத்துப் பூசி மறைத்திருந்த இறகு மெத்தைகளை எலி கடித்திருக்கிறது, இரும்புச் சாமான் எல்லாம் துருப்பிடித்திருக்கிறது, துணிமணி நைந்துபோயிருக்கிறது. அதையெல்லாம் ஒன்றுவிடாமல் கணவருக்கு எழுதினார்.

1647இல் லண்டனில் பிறந்த ஆண் குழந்தை சில மாதத்தில் இறந்தது. அதே சமயத்தில் பிரான்சில் அப்பாவிடம் இருந்த மகள் பெக்கும் இறந்தாள். இரண்டையும் அடுத்தடுத்துத் தாங்கிக்கொண்டு வழக்கை விடாமல் நடத்தி, 1648 ஜனவரியில் முடக்கத்தை நீக்க வைத்தார். இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏட்டுச்சுவடி:
ஆமாம், மேரியைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. ஆனால் ரால்ஃபையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் சுகமாக இருந்திருக்கும். தம்பி எட்மண்ட், "அப்பாவுக்கு எதிராக நிற்கிறாயே" என்ற பொருளில் கோபமாக எழுதியும் ரால்ஃப் உறவை அறுக்கவில்லை. அந்தத் தம்பி 1649இல் அயர்லாந்தில் டிராகடாவில் கொல்லப்பட்டார். இன்னொரு தம்பி டாம் ஊதாரி, வர்ஜீனியா, பார்படோஸ் என்று எங்கே அனுப்பினாலும் பணம் கேட்டே கடிதம் வரும்.

புதுவாசகன்:
மிக்க நன்றி, இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. மேரி அதன் பிறகு கிளேடனில் வாழ்ந்தாரா?

கடிதப்பிரியை:
இல்லை. பிரான்சுக்குத் திரும்பி, 1650இல் பிளுவா நகரில் இறந்தார், 34 வயதுதான். ரால்ஃப் உடலைக் கிளேடனுக்கு அனுப்பி அடக்கம் செய்ய வைத்தார், தான் ஊர் திரும்பியது 1653இல்தான். அதன்பின் 1696 வரை வாழ்ந்தும் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த கடிதம் எதையும் எறியாதவர். அவருடையதும் சந்ததியினருடையதுமாக அந்த வீட்டில் சேர்ந்த கடிதங்கள் 30,000க்கும் மேல். எலி கடித்த மெத்தையைப் பற்றி நாம் இன்று பேசுவதும் அதனால்தான்.