விலை குறைந்த பம்ப் ஷாட்கன்: எதை எடுக்கலாம்?

டெக்சாஸில் இருப்பவர்கள் யோசனை சொல்லுங்கள். வீட்டுப் பாதுகாப்புக்குக் குட்டைக் குழல் பம்ப் ஷாட்கன் (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) ஒன்று வாங்க வேண்டும். குழல் 18 அங்குலத்துக்குக் கீழே போனால் மத்திய அரசிடம் பதிவு, அனுமதி என்று இழுக்கும், அது வேண்டாம். 18.5 அங்குல மாவெரிக் 88 பட்ஜெட்டுக்குள் வருகிறது. மாஸ்பெர்க் 500-க்கு இன்னும் கொஞ்சம் போட வேண்டும். இரண்டும் ஒரே கம்பெனிதான். ஆனால் 500-இல் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் விசை) மேலேயே இருக்கிறது, எந்தக் கட்டைவிரலுக்கும் எட்டும்; மாவெரிக்கில் ட்ரிகர் பக்கத்தில் குறுக்கே அழுத்தும் பொத்தான். நான் இடதுகைக்காரன். இதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கலாமா?

மனைவியும் பழகப் போகிறார். 12 கேஜ் (கேஜ் என்பது குழல் அளவு, எண் கூடினால் குழல் சிறியது) தோளில் நன்றாக உதைக்குமே, 20 கேஜ் போதுமா? அப்புறம், வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான். அவசரத்துக்குச் சட்டென்று திறக்கிற பூட்டுப் பெட்டி எது நல்லது? தோள்கட்டை இல்லாத பிஸ்டல் கிரிப்பை மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.