வெந்நீர் விடுதி திராட்சைத் தோட்டமானது: நிலம் பிழைத்ததா, தொலைந்ததா?

வெண்ணாற்றங்கரை:
மகள் குடியிருப்பது கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரம். அதில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு பகுதி. நம் தஞ்சாவூர், திருவாரூர்ப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அந்த இடத்தின் கதையைப் படித்ததிலிருந்து மனதில் ஓடுவதை இங்கே வைக்கிறேன்.

1850களில் கிளெமென்ட் கொலம்பே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்த வெந்நீர் ஊற்றுகளை ஒட்டி ஒரு விடுதி நடத்தினார். வசதியானவர்கள் வந்து குளித்து, தங்கி, இளைப்பாறிப் போவார்கள். 1869இல் அதை லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் வாங்கினார். ரயில்பாதை முதலாளி, முன்னாள் ஆளுநர், பின்னாளில் பல்கலைக்கழகம் நிறுவியவர். அவருடைய அண்ணன் ஜோசையா அங்கே திராட்சை வைத்து ஒயின் ஆலை நடத்தினார். 1945இல் ஒயின் தொழில் செய்த வைபல் குடும்பம் வாங்கியது. இன்று அங்கே வீடுகள்.

என் கருத்து இதுதான்: விடுதியாகவே இருந்திருந்தால் அந்த இடம் சீக்கிரமே கட்டடமாகியிருக்கும். பயிர் வைத்ததால்தான் நூறு வருஷத்துக்கு மேல் மண் மண்ணாக இருந்தது.

குடவாசல் செல்வி:
ஐயா, நீங்கள் கதையை விடுதியில் ஆரம்பிக்கிறீர்கள். அந்த மண்ணில் ஓலோனி பழங்குடிகள் காலங்காலமாக வாழ்ந்தவர்கள். 1797இல் பக்கத்திலேயே மிஷன் சான் ஹோசே என்ற ஸ்பானியப் பாதிரிமார் மடம் வந்தது. அந்தப் பழங்குடிகளின் வாழ்க்கையே தலைகீழானது. 1839இல் அந்த நிலம் ஃபுல்ஹென்சியோ இகேரா என்பவருக்கு மானியமாகப் போனது. கொலம்பே வந்தது அதற்கும் பிறகு.

கலிபோர்னிய அரசு அங்கே 642ஆம் எண் வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்திருக்கிறது. அதன் வாசகம் 1869இல் தொடங்குகிறது. ஸ்டான்ஃபோர்ட் சகோதரர்கள் உண்டு, வைபல் கம்பெனியும் உண்டு. பழங்குடிகள் இல்லை, கொலம்பேகூட இல்லை. அந்தக் காலத்தில் கலிபோர்னியத் திராட்சைத் தோட்டங்களில் சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் பாடுபட்டார்கள். அந்தப் பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளாக நடவு நட்டவர்களின் பேர் எந்தப் பட்டாவிலும் ஏறாத ஊர் நம்முடையது. இதை நாம் லேசாகத் தாண்டிப் போகக் கூடாது.

மன்னை பொறியாளர்:
இரண்டு பேருமே நிலநடுக்கத்தை விட்டுவிட்டீர்கள். 1868 அக்டோபர் 21 காலையில் அந்தப் பக்கம் பூமிக்கடியில் ஓடும் ஹேவர்டு நிலப்பிளவில் பெரிய நிலநடுக்கம். சுமார் 30 பேர் இறந்தார்கள். மிஷன் சான் ஹோசேயின் பழைய மண்கல் தேவாலயம் இடிந்து போனது. இந்த விடுதியும் சேதமானது. மறு வருஷமே கை மாறிவிட்டது.

அப்புறம் ரயில். 1869 மே 10 அன்று கண்டம் கடக்கும் பாதையின் கடைசி ஆணியை அடித்தவர் இதே ஸ்டான்ஃபோர்ட். அந்தச் செப்டம்பரில் நைல்ஸ் கணவாய் வழியாகப் பாதை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் வந்து சேர்ந்தது. விளைச்சலைப் பட்டணத்துக்கு அனுப்ப வழி கிடைத்த பிறகு, இடிந்த விடுதியை எடுத்துக் கட்டுவதைவிடப் பயிர் வைப்பதுதான் கணக்குக்கு ஒத்து வந்திருக்கும். இதில் காப்பாற்றும் எண்ணம் எங்கே வந்தது?

வெண்ணாற்றங்கரை:
எண்ணம் இல்லாமலே நல்லது நடக்கக் கூடாதா தம்பி? அதே ஸ்டான்ஃபோர்ட் வடக்கே வைனா என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் திராட்சை வைத்தார். உலகத்திலேயே பெரிய தோட்டம் என்று பேர் வாங்கியது. ஆனால் அந்த வெயிலுக்கு நல்ல ஒயின் வரவில்லை, திட்டம் கைகூடவில்லை. 1955இலிருந்து அங்கே டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் இருக்கிறது. வார்ம் ஸ்பிரிங்ஸிலோ மண்ணும் பருவமும் ஒத்துழைத்தன, அண்ணன் நிலத்திலேயே இருந்து பார்த்தார். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. அதையும் தாண்டி அந்த இடத்தில் மறுபடி கொடி ஏறியது. மண்ணை மதித்துச் செய்த பயிருக்கு அந்த ஆயுள் உண்டு என்றுதான் சொல்கிறேன். செல்வி சொல்லும் பேர்கள் அந்தப் பலகையில் ஏற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

குடவாசல் செல்வி:
ஆயுள் முடிந்ததும் என்ன ஆனது ஐயா? 1956இல் வார்ம் ஸ்பிரிங்ஸையும் சேர்த்து ஐந்து ஊர்களை இணைத்து ஃப்ரீமான்ட் நகரம் ஆனது. நிலத்தின் விலை ஏறியது. வைபல் குடும்பம் தொழிலை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது, தோட்டம் மனையானது. ஒயினில் வருகிற காசு மனையில் வருகிற காசுக்கு ஈடுகொடுத்த வரைக்கும்தான் அந்தக் காவல்.

நம் டெல்டாவிலும் அதைத்தான் பார்க்கிறோம். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கும் தோல் பதனிடும் ஆலைக்கும் உருக்காலைகளுக்கும் தடை. எத்தனை போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது அது! அந்தத் தடைப் பட்டியலில் வீட்டு மனை இல்லை.

வலங்கைமான் விவசாயி:
செல்வி அக்கா சொன்னதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வயலுக்கு மேல்புறம் ரெண்டு போகம் விளைந்த நஞ்சை. அறுவடை முடிந்த தாளோடு செம்மண் கொட்டி மேடாக்கினார்கள். மஞ்சள் அடித்த கல் நட்டார்கள். குறுக்கே போன கண்ணி வாய்க்காலில் ஒரு சிமெண்ட் குழாயைப் போட்டு மூடினார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் கீழ்மடை வயலுக்குத் தண்ணீர் இல்லை. ஐப்பசி மழையில் அதே இடத்தில் தண்ணீர் வடியாமல் சம்பா நாற்று அழுகுகிறது. விற்றவர் ஒருத்தர், நஷ்டம் கீழே இருக்கிற எல்லோருக்கும்.

வெண்ணாற்றங்கரை ஐயா சொல்வதிலும் பாதி ஒத்துக்கொள்கிறேன். பயிர் கட்டுப்படியானால் எவனும் நிலத்தை விற்க மாட்டான். ஆனால் அவர்கள் கொடி ஒரு தோட்டத்தோடு முடிகிற சமாச்சாரம். இங்கே ஒரு வயல் போனால் வாய்க்காலே போகிறது. அதனால் விற்பவரின் விருப்பத்துக்கு மட்டும் இதை விட முடியாது. நஞ்சையை மனையாக்க ஆட்சியரின் முன் ஒப்புதல் வேண்டும் என்று நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47அ பிரிவு சொல்கிறது. அந்த ஒப்புதல் கொடுக்கும் முன்னால் கீழ்மடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். வாசகம் எழுத செல்வி அக்கா உதவினால் நல்லது.

குடவாசல் செல்வி:
இன்று ராத்திரியே எழுதி அனுப்புகிறேன் தம்பி. மூடின வாய்க்காலின் சர்வே எண்ணைக் கொடுங்கள்.