சங்க நிர்வாகி ஒருவரே அபராதம் போடலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் எஸ்டேட் (சங்க விதிகளோடு நடக்கும் வேலியிட்ட குடியிருப்பு) வீடுகளில் இருக்கும் அண்ணன், அக்காமாரே, ஒரு உதவி வேண்டும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி உடுக்கை அடித்தோம், பட்டப்பகலில்தான். வீட்டு உரிமையாளர் சங்க நிர்வாகி ஒருவர் தனியாக வந்து நிறுத்தச் சொன்னார், அப்புறம் அவர் மட்டும் கையெழுத்துப் போட்ட அபராதக் கடிதம் வந்தது, கூட்டம் நடந்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை. மனசு ரொம்ப வலிக்கிறது. 2019-ல் மவுண்ட் எட்ஜ்கோம் எஸ்டேட் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், வீடு வாங்கும்போது ஏற்றுக்கொண்ட விதிகள் ஒப்பந்தம்தான் என்று சொன்னது தெரியும். சரி, விதி இருக்கட்டும். ஆனால் எங்கள் தரப்பைக் கேட்காமல் ஒரே ஆள் முடிவெடுக்கலாமா? சி.எஸ்.ஓ.எஸ். என்ற, குடியிருப்புச் சங்கத் தகராறுகளை விசாரிக்கும் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுத்தவர்கள் இருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள், அதுவரை அபராதத்தைக் கட்டாமல் இருக்கலாமா என்று சொல்லுங்கள்.