செல்லூர் வீடு: அம்மாவின் பாஸ்போர்ட்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

மீனா: எல்லோருக்கும் ஒரு விஷயம். பீரோவில் வீட்டு வரி ரசீது தேடும்போது அம்மாவின் பாஸ்போர்ட் கிடைத்தது. அடுத்த மாதம் 19ஆம் தேதியோடு காலாவதி. புதுப்பிக்க 24ஆம் தேதி, புதன்கிழமை நேரம் கிடைக்கிறது. அம்மா நேரில் போக வேண்டும், நான் கூட்டிப் போகிறேன். அன்றைக்கு அப்பத்தாவோடு வீட்டில் இருக்க ஒரு ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?

மீனா: (படம்)

மீனா: மொத்தம் 36 பக்கம். ஒரு முத்திரைகூட இல்லை.

அமுதா சித்தி: அட்டைகூட மங்கவில்லையே

பிரபு: அத்தைக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா!

கார்த்தி அண்ணன்: 2015இல் எடுத்தது. யாழினி பிறக்கும்போது சிங்கப்பூர் வருவதற்காக.

கார்த்தி அண்ணன்: டிக்கெட் போட்டாயிற்று. தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பத்தா விழுந்துவிட்டார்கள்.

பிரபு: ஆமா ஆமா, அம்மாச்சிக்கு இடுப்பெலும்பு

கார்த்தி அண்ணன்: யாழினிக்கு வருகிற டிசம்பரில் பத்து வயது.

பாண்டி சித்தப்பா: மீனா, நிதானமாகப் படி. 19ஆம் தேதி வரை செல்லும் என்று நினைக்காதே. பல நாடுகளில் நாம் போய் இறங்கும் நாளில் இருந்து இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஏப்ரலில் இருந்தே எங்கேயும் போக முடியாது. கட்டணம் 36 பக்கத்துக்கு 1500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2000, நமக்கு அவசரமில்லை, தேவையில்லை. அரசாங்கத்தின் பாஸ்போர்ட் சேவா தளத்தில் மட்டும் பணம் கட்டு. அதே மாதிரிப் பெயரில் போலித் தளங்கள் இருக்கின்றன. பழைய பாஸ்போர்ட்டை அசலாக எடுத்துப் போ. முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து மதினியிடம் கையெழுத்து வாங்கிக்கொள். ஆதாரும் வேண்டும். ஆதாரில் செல்வி என்று இருக்கிறதா தமிழ்ச்செல்வி என்று இருக்கிறதா, அதை முதலில் பார்.

மீனா: இரண்டிலும் தமிழ்ச்செல்விதான் சித்தப்பா

அமுதா சித்தி: (பலமுறை அனுப்பப்பட்டது) பாஸ்போர்ட் கட்டணம் அடுத்த வாரம் முதல் இரட்டிப்பு!! அனைவருக்கும் பகிரவும்!!

பாண்டி சித்தப்பா: அமுதா, அதை அழித்துவிடு. அதில் தேதியும் இல்லை, யார் சொன்னது என்றும் இல்லை.

அமுதா சித்தி: எங்கள் மாடி வீட்டு அக்கா அனுப்பினார்கள்

வசந்தா அத்தை: இப்போது எதற்குப் பாஸ்போர்ட்? மதினி எங்கே போகப் போகிறார்கள்?

கார்த்தி அண்ணன்: போகிற இடத்தை அப்புறம் பார்க்கலாம் அத்தை. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

வசந்தா அத்தை: நான் தப்பாகக் கேட்கவில்லை. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன்.

மீனா: பத்து வருஷமாக நம் வீட்டில் எல்லோரும் அதை மட்டும்தான் கேட்கிறோம் அத்தை.

வசந்தா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வசந்தா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: மீனா

மீனா: சரிப்பா.

பிரபு: எல்லோரும் துபாய் வாருங்கள். நான் இருக்கிறேன். புர்ஜ் கலிஃபா 828 மீட்டர், மேலே நின்று பார்த்தால் கீழே வண்டி எல்லாம் எறும்பு.

வசந்தா அத்தை: முதலில் பெற்ற தாயைக் கூட்டிப் போடா. மூன்று வருஷமாகச் சொல்கிறாய்.

பிரபு: டிசம்பர்ல கட்டாயம்மா

அமுதா சித்தி: எனக்கு சுவிட்சர்லாந்து. பனியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிரபு: அமுதா அத்தை கொடைக்கானலுக்கே மூன்று சால்வை போர்த்தியவர்கள்

பாண்டி சித்தப்பா: என்னைக் கேட்டால் அங்கோர் வாட். இதை நான் தபால் ஆபீஸில் சேர்ந்த வருஷத்தில் இருந்து சொல்கிறேன். கம்போடியா, இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டு. முதலில் பெருமாள் கோயில், அப்புறம் பௌத்தக் கோயில் ஆயிற்று. மேற்குப் பார்த்த வாசல். நடுக் கோபுரம் 65 மீட்டர், அதாவது 213 அடி. நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் 170 அடி. கோயிலைச் சுற்றி ஓடும் அகழியின் அகலம் மட்டும் 190 மீட்டர். வண்டியூர் தெப்பக்குளத்தில் பாதிக்கு மேல் அகலம், அது ஐந்து கிலோமீட்டருக்கு மேல் கோயிலைச் சுற்றி வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். சுவரில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிற சிற்பம். ஒரு பக்கம் அசுரர், ஒரு பக்கம் தேவர், வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள். சாயங்கால வெயில் மேற்கு வாசல் வழியாக வரும்போது கல் பொன் நிறமாகும். ஒரு நாள் நுழைவுச்சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் எடுப்பதுதான் முறை. ஒரு நாளில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வருவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

அமுதா சித்தி: இவர் டைரி முழுக்க அந்தக் கோயில் படம்தான். பேப்பரில் வந்தால் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவார்.

பிரபு: மாமா ஒரு டிக்கெட் போடட்டுமா

பாண்டி சித்தப்பா: பென்ஷன் அரியர் வரட்டும் மாப்ளே

அப்பா: உளுந்து யாருக்காவது வேண்டுமா. புதுச் சரக்கு வந்திருக்கிறது.

அமுதா சித்தி: ஐந்து கிலோ அண்ணே

வசந்தா அத்தை: எனக்கும் ஐந்து. கறுப்பு உளுந்து இருந்தால் இரண்டு.

மீனா: அப்பா, புதன்கிழமை கடையை அரை நாள் பையன்களிடம் விட முடியுமா?

அப்பா: நவராத்திரி வாரம்

மீனா: சரி.

மீனா: ஒன்று காட்டுகிறேன். அம்மா திட்டுவார்கள், பரவாயில்லை.

மீனா: (படம்)

கார்த்தி அண்ணன்: பால் கணக்கு நோட்டா?

மீனா: பின்பக்கம் பார். மத்தியானம் அப்பத்தாவுக்கு ஊட்டிப் படுக்க வைத்த பிறகு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அம்மா போனை உளுந்து டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு ஊர் ஊராக வீடியோ பார்ப்பார்கள். சத்தம் வைக்க மாட்டார்கள், அப்பத்தா எழுந்துவிடுவார்கள் என்று. பார்த்த ஊரை எல்லாம் இதில் எழுதியிருக்கிறார்கள்.

பிரபு: "பத்துமலை, 272 படி, நடுவில் நின்று மூச்சு வாங்கலாம்"

கார்த்தி அண்ணன்: "சிங்கப்பூர் மாரியம்மன் கோயில், 1827. கார்த்தி வீட்டில் இருந்து ரயிலில் போகலாம்"

கார்த்தி அண்ணன்: அம்மா…

அமுதா சித்தி: "பினாங்கு மலை ரயில். ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும்." எவ்வளவு அழகான கையெழுத்து

பாண்டி சித்தப்பா: ஏழாவது வரி. "அங்கோர் வாட், பாண்டித் தம்பி சொன்னது. மேற்கு வாசல், சாயங்காலம் போக வேண்டும்." மதினி, நான் இதைச் சொன்னது ஆறேழு வருஷம் முன்னால். வீட்டில் யாரும் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

கார்த்தி அண்ணன்: மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 2023 டிசம்பரில் இருந்து விசா வேண்டாம், 30 நாள் வரை இருக்கலாம். அம்மா முதலில் இங்கே வரட்டும், இங்கிருந்து பஸ்ஸிலேயே கோலாலம்பூர் போய்ப் பத்துமலை பார்க்கலாம். நான் லீவு போடுகிறேன்.

பிரபு: பத்துமலை முருகன் 140 அடி. இப்போது படி எல்லாம் கலர் கலராகப் பெயிண்ட்.

வசந்தா அத்தை: கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது? இரண்டு முறை கோடு போட்டிருக்கிறார்கள். படம் தெளிவில்லை.

மீனா: "கொழும்பு, செட்டியார் தெரு"

வசந்தா அத்தை: கொழும்பா

அம்மா: மீனா, அந்த நோட்டை என்னைக் கேட்காமல் ஏன் எடுத்தாய்?

மீனா: மன்னித்துக்கொள்ளம்மா. ஆனால் நீயே சொல்லேன். எங்கே போக வேண்டும்?

(தட்டச்சு செய்கிறார்…)

கார்த்தி அண்ணன்: அம்மா பெரிதாக ஏதோ எழுதுகிறார்கள்

அமுதா சித்தி: இருங்கள், யாரும் குறுக்கே பேசாதீர்கள்

அம்மா: எல்லா ஊரும் ஆசைதான். பத்துமலை முழங்கால் நன்றாக இருக்கும்போதே ஏற வேண்டும். யாழினியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும், ஒரு நாளாவது. ஆனால் முதலில் கொழும்பு. மதுரையில் இருந்து விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். திண்டுக்கல் போகிற நேரம்தான். அத்தைக்கு ஏதாவது ஒன்று என்றால் மறுநாளே வந்து சேரலாம். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு எனக்கு இங்கே நினைப்பு ஓடும். சாப்பாடு இறங்காது.

அம்மா: இன்னொன்றும் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், புண் வராமல் இருக்க. அப்போதெல்லாம் அவர்கள் செட்டியார் தெருவைத்தான் சொல்கிறார்கள். நகைக் கடை வரிசை, கதிரேசன் கோயில், அவர்கள் அப்பா கணக்கு எழுதின கடையின் பச்சைப் பலகைக் கதவு. ஆடிவேல் திருவிழாத் தேர் அங்கிருந்து பம்பலப்பிட்டி வரை போகுமாம். தேருக்குப் பின்னாலேயே நடந்து, காலிமுகத்திடல் கடற்கரைக் காற்றில் பாவாடை பறந்ததைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் கேட்டுக் கேட்டு அந்தத் தெரு எனக்கு மனப்பாடம். ஒரு தடவை அங்கே போய் நின்று, போனில் அவர்களுக்குக் காட்ட வேண்டும். அவர்களுக்குக் கண் தெரிகிற வரைக்கும்தான் அது முடியும்.

பிரபு: அத்தை

அமுதா சித்தி: என்ன மதினி இப்படி அழ வைக்கிறீர்கள்

வசந்தா அத்தை: அம்மா என்னிடம் இதெல்லாம் சொன்னதே இல்லையே.

அம்மா: ராத்திரியில்தான் சொல்வார்கள் வசந்தா. நீ வந்து தங்கும்போது கேள்.

பாண்டி சித்தப்பா: பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். அம்மா 1947இல் எட்டு வயதில் போனவர்கள், 1955இல் திரும்பினார்கள். அப்போது மதராஸ் எழும்பூரில் இருந்து தனுஷ்கோடி வரை போட் மெயில் ஓடியது. நம் தாத்தா மானாமதுரையில் அந்த வண்டியைப் பிடித்தார். பாம்பன் பாலம் தாண்டித் தனுஷ்கோடித் துறை, அங்கே கப்பல். கடலைக் கடந்தால் தலைமன்னார், அங்கே மறுபடி ரயில், கொழும்புக் கோட்டை வரைக்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயில் பாதையே போய்விட்டது. அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்தில் இருந்து கொஞ்ச காலம் போய், 80களில் அதுவும் நின்றது. ஆக, இந்த வீட்டில் முதலில் வெளிநாடு போனது நம் அம்மாதான்.

அம்மா: கப்பலில் ஏறும்போது ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்துவிட்டது. மற்றொன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் இறங்கியிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டீர்கள் தம்பி.

பாண்டி சித்தப்பா: எனக்கே தெரியாது மதினி.

மீனா: இப்போது கப்பல் இல்லையா?

பாண்டி சித்தப்பா: நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். ஆனால் அது யாழ்ப்பாணத்துப் பக்கம். அங்கிருந்து கொழும்பு போக ஒரு நாள் போய்விடும். மதினிக்கு விமானம்தான் சரி. போகும் முன் ஈடிஏ, அதாவது இலங்கைக்கான ஆன்லைன் பயண அனுமதி, எடுக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கார்த்தி அண்ணன்: நான் இங்கிருந்து கொழும்புக்கு வந்துவிடுகிறேன். யாழினியையும் கூட்டி வருகிறேன், டிசம்பர் லீவுதானே.

பிரபு: டிசம்பர்ல நானும் வரலாமா

வசந்தா அத்தை: டிசம்பரில் நீ என்னைத் துபாய் கூட்டிப் போகிறாய்.

மீனா: முதலில் புதன்கிழமை! காலை 10:15க்கு நேரம். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஆபீஸ். ஒரு மணிக்குள் வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். யார்?

அமுதா சித்தி: எனக்கு அன்றைக்குக் கண் டாக்டர். மத்தியானம் என்றால் வருவேன்.

பாண்டி சித்தப்பா: நான் வருகிறேன். ஆனால் அம்மாவுக்கு உடம்பு துடைக்க, துணி மாற்ற நான் சரிப்பட மாட்டேன். அம்மாவும் விட மாட்டார்கள்.

அப்பா: பதினொன்றுக்கு மேல் நான் வரப் பார்க்கிறேன்

வசந்தா அத்தை: கொலுவுக்கு இங்கே ஆள் வருகிற வாரம். அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

வசந்தா அத்தை: மதினி, அம்மாவுக்குக் காலை மாத்திரை எத்தனை மணிக்கு?

அம்மா: எட்டரை. கஞ்சி குடித்த பிறகு. வெள்ளை ஒன்று, பாதி மஞ்சள். மஞ்சளைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டும், முழுசாக இறங்காது. வாயில் ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

வசந்தா அத்தை: சரி. எழுதிக்கொள்கிறேன்.

அம்மா: செவ்வாய் ராத்திரியே வந்துவிட்டால் மூன்று மணிக்கு நாம் இரண்டு பேருமாகத் திருப்பலாம்.

வசந்தா அத்தை: விருதுநகரில் இருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும்.

பிரபு: அம்மா, பஸ் ராத்திரி முழுக்க இருக்கும்

வசந்தா அத்தை: நீ சும்மா இரு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அம்மா: பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துப் போக வேண்டுமா?

பாண்டி சித்தப்பா: வேண்டாம் மதினி. அங்கேயே எடுப்பார்கள். பின்னால் வெள்ளைத் திரை, அதனால் வெள்ளை, சந்தன நிறம் எல்லாம் வேண்டாம். அடர் நிறமாகக் கட்டுங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள். காதைத் தலைமுடி மறைக்கக் கூடாது.

அம்மா: அப்போது அரக்குச் சுங்குடி கட்டுகிறேன். கஞ்சி போட்டு வைக்க வேண்டும்.

அமுதா சித்தி: எனக்கு உளுந்து ஐந்து கிலோ மறக்காதீர்கள் அண்ணே

அப்பா: ம்