புதுப்பிப்பு: 11 மெகாபைட்டில் நின்ற நகலெடுப்பு, காரணம் கேபிள்

முன்பு கேட்டது இதுதான்: இரண்டு கணினிகளும் கிகாபிட் சுவிட்சில் (நொடிக்கு 1000 மெகாபிட் வரை கடத்தும் வலையமைப்பு இணைப்புப் பெட்டி) இருந்தும், பெரிய கோப்புகளை நகலெடுக்கையில் வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை. பலர் வன்வட்டையும் வைரஸ் தடுப்பு மென்பொருளையும் சந்தேகித்தீர்கள்.

ஐபெர்ஃப்3 என்ற வேகமளக்கும் மென்பொருளைக் கொண்டு அளக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. அது வட்டைத் தொடாமல் வலையமைப்பை மட்டும் அளக்கும். கிடைத்தது நொடிக்கு 94 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், எட்டால் வகுத்தால் ஏறத்தாழ அதே 11. ஆக, வட்டு நிரபராதி. இணைப்பே 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தது. விண்டோஸின் அடாப்டர் நிலைச் சாளரமும் அதையே காட்டியது.

கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி முனையிலுள்ள உலோகப் பின்னைத் தொடாமலே நின்றுவிட்டிருக்கிறது. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய பின்கள் போதும். கிகாபிட்டுக்கோ எட்டுக் கம்பிகளும், அதாவது நான்கு இணைகளும் வேண்டும். அதனால்தான் இணைப்பு அறுபடாமல், வேகம் மட்டும் சத்தமில்லாமல் சரிந்திருக்கிறது. அடியோடு செத்துப்போயிருந்தால் அன்றே பிடித்திருக்கலாம்!

கேபிளை மாற்றியதும் 110 மெகாபைட்டைத் தொடுகிறது. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு படக் கோப்புகள் மட்டும் இன்னும் ஆமை வேகம்தான். ஒவ்வொன்றையும் திறந்து மூடும் பேச்சுவார்த்தையிலேயே நேரம் போய்விடுகிறது. விண்டோஸின் நகலெடுப்புக் கட்டளையான ரோபோகாப்பியில் பல இழைகளை இயக்கி, ஒரே நேரத்தில் பல கோப்புகளை நகலெடுத்ததில் ஓரளவு தேறியது. மொத்தமாக ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்புவது அதைவிட மேல்.